குளிர்விப்பான் இல்லாமல் அகலப்பட்டை வெப்ப அளவீடு: போலோமீட்டரா, தெர்மோபைலா, பைரோவா?

2024 மே 25 அன்று நியூசிலாந்தின் மாஹியா ஏவுதளத்திலிருந்து நாசாவின் பிரிஃபயர் திட்டத்தின் முதல் குறுஞ்செயற்கைக்கோள் கிளம்பியது. மூன்று நாள் கழித்து, ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பானின் ஜாக்ஸாவும் சேர்ந்து உருவாக்கிய எர்த்கேர் செயற்கைக்கோள், கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து ஏவப்பட்டது. இரண்டிலும் பூமி விண்வெளிக்குத் திருப்பி அனுப்பும் வெப்பக் கதிர்வீச்சை அளக்கும் கருவி உண்டு. அகச்சிவப்பில் ஒரு சிறு துண்டைப் பார்த்தால் போதாது, மிக அகலமான பட்டையைப் பார்க்க வேண்டும். அந்த உணரிகளைக் கடுங்குளிரில் வைக்கும் எந்திரம் எதிலும் கிடையாது. ஆனாலும் இரு குழுவினரும் ஒரே உணரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. எர்த்கேரின் கதிர்வீச்சுமானியில் இருப்பது மைக்ரோபோலோமீட்டர், அதாவது சூட்டால் மின்தடை மாறுவதைப் படிக்கும் உணரி; பிரிஃபயரில் இருப்பது தெர்மோபைல், சூட்டால் மின்னழுத்தம் தருவது. ஏறக்குறைய இதே வேலைக்காக ஐரோப்பா உருவாக்கிவரும் ஃபோரம் செயற்கைக்கோளோ மூன்றாவதாகப் பைரோஎலக்ட்ரிக் உணரியை, சுருக்கமாகப் பைரோவை, எடுத்துக்கொண்டது; இதில் வெப்பநிலை மாறும்போது படிகம் மின்னூட்டம் தரும்.

மூன்று குழுவினரும் கைதேர்ந்தவர்கள். யாரும் தவறாகத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. ஆய்வகத்தில் கருவி கட்டுபவர்கள், ஆலைக்கு வெப்பக் கேமரா வாங்கப்போகிறவர்கள், கல்லூரிச் செயற்கைக்கோள் குழுவினர் ஆகியோர் இந்த மூன்றில் எதை எடுப்பது என்று குழம்புவதைப் பார்க்கிறேன். பெரும்பாலான குழப்பம் விற்பனைக் குறிப்பேட்டில் இருந்து தொடங்குகிறது. அதில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். உணரி எந்த அலைநீளம்வரை பார்க்கும் என்பது கடைசிப் பக்கத்தில் எங்காவது இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.

முதலில் வெப்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். 300 கெல்வின், அதாவது நம் அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு கரும்பொருள் (விழும் கதிர் முழுவதையும் உறிஞ்சும் இலட்சியப் பொருள்) வெளியிடும் மொத்த ஆற்றலில் 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான பட்டையில் சுமார் 38 சதவீதம் இருக்கிறது. 3 முதல் 5 மைக்ரான் பட்டையில் ஒன்றே கால் சதவீதம்தான் தேறும். அதே பொருளை 800 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ்: 3–5 மைக்ரானில் சுமார் 35 சதவீதம், 8–14 மைக்ரானில் 9 சதவீதம். குளிர்ந்த பக்கம் போனால் கதிர்வீச்சின் பெரும்பகுதி 15 மைக்ரானைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆர்க்டிக் பகுதி வெளியிடும் வெப்பத்தில் சுமார் 60 சதவீதம் அந்தத் தொலை அகச்சிவப்பில்தான் இருக்கிறது என்பதே பிரிஃபயர் பிறந்ததற்குக் காரணம். சாதாரண வெப்பக் கேமரா அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை.

ஏன் பார்ப்பதில்லை? இங்கேதான் பலர் உணரியின் மீது பழியைப் போடுகிறார்கள். வெப்ப உணரி என்பது அடிப்படையில் நிறம் பார்க்காதது. விழும் கதிரை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூட்டை நாம் மின்குறியாக மாற்றுகிறோம். 5 மைக்ரான் அலை தந்த சூடா, 50 மைக்ரான் அலை தந்த சூடா என்று அதற்குத் தெரியாது. 1880 வாக்கில் சாமுவேல் லாங்லி மெல்லிய பிளாட்டினப் பட்டையில் செய்த முதல் போலோமீட்டரும் அப்படித்தான் வேலை செய்தது. பட்டையைச் சுருக்குவது மூன்று விஷயங்கள்: முன்னால் இருக்கும் சாளரமும் லென்சும், உறிஞ்சும் பூச்சு, படப்புள்ளியின் வடிவம். ஆகவே போலோமீட்டரா தெர்மோபைலா என்ற கேள்விக்கு முன்னால் இந்த மூன்றையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால், இவற்றைத் தீர்த்துவிட்டால் பாதி நேரம் அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மைக்ரோபோலோமீட்டர்

சந்தையில் வெப்பக் கேமரா என்ற பெயரில் விற்பதில் மிகப் பெரும்பாலானவை இதுதான். அமெரிக்காவின் ஹனிவெல் ஆய்வகத்தில் 1980களில் ராணுவப் பணத்தில் உருவானது. 1992 வரை ரகசியமாக இருந்தது. வெனேடியம் ஆக்சைடு வகை அங்கிருந்து வந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அமார்ஃபஸ் (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கான் வகை வளர்ந்தது. செவ்வாய்க்குப் போன கருவிகளிலும் இது உண்டு: 2001இல் ஏவப்பட்ட மார்ஸ் ஒடிசியின் தெமிஸ் கேமராவிலும், நம் மங்கள்யானில் இருந்த வெப்ப அகச்சிவப்பு நிறமாலைமானியிலும் குளிர்விக்காத மைக்ரோபோலோமீட்டர்தான்.

ஒரு படப்புள்ளியை உருப்பெருக்கிப் பார்த்தால், அரை மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் நைட்ரைடு தட்டு ஒன்று இரண்டு மெல்லிய கால்களில் நின்றுகொண்டிருக்கும். அதன் மேல் வெனேடியம் ஆக்சைடுப் படலம். தட்டுக்குக் கீழே சுமார் இரண்டரை மைக்ரான் வெற்றிடம், அதற்கும் கீழே கண்ணாடி போன்ற உலோகப் படலம். எதிரே இருக்கும் காட்சி ஒரு டிகிரி சூடானால் இந்தத் தட்டு சூடாவது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்குதான். வெனேடியம் ஆக்சைடின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். ஆக, நாம் அளக்கும் மின்தடை மாற்றம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. இதை வைத்துக்கொண்டு 50 மில்லிகெல்வினுக்கும் குறைவான வேறுபாட்டைக் காட்டும் கேமராவை ஒரு கட்டைவிரல் அளவில் விற்கிறார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஆனால் அந்த இரண்டரை மைக்ரான் இடைவெளியைக் கவனியுங்கள். அது 10 மைக்ரான் அலையின் கால்பங்கு. கீழே பட்டுத் திரும்பும் அலை தட்டின் மேல் வலுவாக உறிஞ்சப்படுவதற்காகவே அந்த அளவு. அதே இடைவெளி 5 மைக்ரான் அலைக்கு அரைப்பங்காகிவிடுகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் தட்டு இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, உறிஞ்சல் படுத்துவிடுகிறது. அதாவது 8–14 மைக்ரானுக்காகச் செய்த படப்புள்ளி 5 மைக்ரான் அருகே கிட்டத்தட்டக் குருடு. முன்னால் இருக்கும் ஜெர்மானியம் சாளரத்தைக் கழற்றிவிட்டு வேறு சாளரம் போட்டால் அகலப்பட்டைக் கேமரா ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

எர்த்கேர் குழு இதைத் தீர்த்த விதம் அழகானது. உணரிகளைக் கனடாவின் கியூபெக்கில் உள்ள ஐஎன்ஓ நிறுவனம் செய்தது. தட்டுக்குக் கீழே உள்ள அந்த இடைவெளியின் ஒத்ததிர்வை நம்பாமல், படப்புள்ளியின் மேல் கரும்பொன் பூசினார்கள். குறைந்த அழுத்தமுள்ள வாயுவில் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தால் அது பளபளப்பதில்லை. விளக்குச் சுடருக்கு மேல் பிடித்த தட்டில் ஒட்டும் கரியைப் போலப் பஞ்சுபஞ்சாக, கருப்பாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து தொலை அகச்சிவப்பு வரை எல்லாவற்றையும் விழுங்கும். கதிர்வீச்சுமானி கால் மைக்ரானிலிருந்து 50 மைக்ரானுக்கு அப்பால் வரை பார்ப்பது இந்தப் பூச்சால்தான். தொல்லை என்னவென்றால், விரல் பட்டாலே கரும்பொன் நசுங்கிவிடும். படப்புள்ளிகளுக்கு இடையே பாலம்போலப் படிந்து ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்குக் கடத்தும். லேசரால் வெட்டிப் பிரிக்க வேண்டும். இது கடையில் கிடைக்கும் சிப்பின் மேல் கல்லூரி ஆய்வகத்தில் செய்துபார்க்கிற வேலை இல்லை.

இன்னொன்று: மைக்ரோபோலோமீட்டர் தொழிலின் முன்னேற்றம் முழுவதும் அகலப்பட்டைக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் 50 மைக்ரானாக இருந்த படப்புள்ளி 25, 17, 12 என்று சுருங்கி, இப்போது 10, 8 மைக்ரான் சிப்புகள் வந்துவிட்டன. படப்புள்ளி சுருங்கினால் லென்ஸ் சிறிதாகும், ஜெர்மானியச் செலவு குறையும். 2023 ஆகஸ்டிலிருந்து சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் ஆக்கிய பிறகு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் குவியத்தூரமும் விட்டமும் சமமான எஃப்/1 லென்சில்கூட 50 மைக்ரான் அலை 120 மைக்ரான் அகலத்துக்குப் பரவித்தான் குவியும். அந்தப் பரப்பில் 8 மைக்ரான் படப்புள்ளிகள் இருநூறு உட்கார்ந்திருந்து என்ன பயன்? தொலை அகச்சிவப்புக்கு வேண்டியது பெரிய படப்புள்ளி, குறைந்த எண்ணிக்கை. சந்தை அதைச் செய்வதில்லை, செய்யவும் போவதில்லை.

தெர்மோபைல்

அந்த இடத்தில் தெர்மோபைல் வந்து நிற்கிறது. இரு வேறு பொருள்களின் சந்திப்பு சூடானால் மின்னழுத்தம் பிறக்கும். அத்தகைய சந்திப்புகளைத் தொடராக அடுக்கினால் தெர்மோபைல். மெலோனி 1830களில் இதை வைத்துத்தான் அகச்சிவப்பை ஆராய்ந்தார். ஆக மூன்றில் இதுதான் மூத்தது. உணர்திறன் பந்தயத்தில் பின்தங்கியது என்று ஓரங்கட்டப்பட்டதும் இதுதான்.

ஆனால் அளவீட்டுக்காரர்களுக்கு இதன் குணம் பிடிக்கும். போலோமீட்டருக்குள் மின்னோட்டம் செலுத்தித்தான் மின்தடையைப் படிக்க முடியும். அந்த மின்னோட்டமே அதைச் சூடாக்கும், இரைச்சலையும் கொண்டுவரும். சிப்பின் வெப்பநிலை மாறினால் படம் நகர்ந்துவிடும். அதனால்தான் வெப்பக் கேமராவில் அவ்வப்போது டிக் என்று ஒரு மறைப்பு விழுந்து எழுகிறது. தெர்மோபைலுக்கு எதையும் செலுத்த வேண்டாம். எதிரே வேறுபாடு இல்லையென்றால் குறியும் சுழி. நிலையான காட்சியையும் அப்படியே பார்க்கும், கதிரை வெட்டிவெட்டிக் காட்ட வேண்டியதில்லை. சிப்பின் வெப்பநிலையை நூலிழை பிசகாமல் பிடித்துவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதன் உச்சகட்ட உதாரணம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009 ஜூனில் ஏவப்பட்ட நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமான எல்ஆர்ஓவின் டிவைனர் கருவியில் 21 படப்புள்ளிகள் கொண்ட ஒன்பது தெர்மோபைல் வரிசைகள் உள்ளன. ஒன்பது பட்டைகளில் ஒரு கோடி சூரிய ஒளியில் தொடங்குகிறது, மறுகோடி 100 முதல் 400 மைக்ரான் வரை போகிறது. நண்பகலில் 400 கெல்வினைத் தொடும் நிலத்தையும், சூரியனே படாத துருவப் பள்ளங்களில் 30 கெல்வினுக்கும் கீழே கிடக்கும் நிலத்தையும் ஒரே கருவி அளந்தது. 50 கெல்வினில் உள்ள பரப்பின் கதிர்வீச்சு உச்சம் 58 மைக்ரானில் இருக்கிறது. 8–14 மைக்ரான் கேமராவை அந்தப் பள்ளத்தின் மேல் எவ்வளவு நேரம் காட்டினாலும் இருட்டுதான். உணரியைக் குளிர்விக்காமலே 30 கெல்வினை அளக்க முடிகிறது என்பதை நம்ப மறுக்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் சான்று இது.

பிரிஃபயர் அதே மரபில் வந்தது. மூன்று கிலோவுக்கும் குறைவான நிறமாலைமானி, ஷூப் பெட்டி அளவுச் செயற்கைக்கோள், 5 முதல் 53 மைக்ரான் வரை 63 பட்டைகள். கடுங்குளிர்விப்பானைச் சுமந்திருந்தால் இந்த அளவுக்குள் அடைத்திருக்க முடியாது.

குறை? குறி மைக்ரோவோல்ட் அளவில் வருவதால் பெருக்கி மின்சுற்றில் கவனம் வேண்டும். சந்திப்புகளுக்கு இடம் தேவை என்பதால் படப்புள்ளி பெரிது, எண்ணிக்கை குறைவு. கடையில் எளிதாகக் கிடைக்கும் மெலெக்சிஸ் எம்எல்எக்ஸ்90640 சிப்பில் 32க்கு 24, அவ்வளவுதான். அதன் முகப்பில் இருக்கும் வடிகட்டி அதையும் வழக்கமான பட்டைக்குள் அடைத்துவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு மாணவர்கள் கைபழக அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதை வாங்கி அகலப்பட்டை ஆய்வு செய்கிறேன் என்று திட்ட அறிக்கை எழுத வேண்டாம்.

பைரோஎலக்ட்ரிக்

மாடிப்படி விளக்கைத் தானாக எரியவைக்கும் உணரி இந்த வகைதான். படிகத்தின் வெப்பநிலை மாறும்போது மட்டும் மின்னூட்டம் பிறக்கும். மாறாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆகவே அசையாத காட்சியைப் பார்க்க முன்னால் ஒரு வெட்டுச்சக்கரம் சுழல வேண்டும். அதோடு இந்தப் படிகங்கள் அழுத்தத்துக்கும் மின்னூட்டம் தருபவை. பம்ப் ஓடும் மேசையில் வைத்தால் பம்பின் அதிர்வையும் சேர்த்தே அளக்கும். படமெடுக்க இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்து, அந்தக் குறுக்கீட்டிலிருந்து நிறமாலையைக் கணக்கிடும் ஃபூரியே நிறமாலைமானியில் (எஃப்டிஐஆர்) மட்டும் கதை வேறு. அங்கே நகரும் கண்ணாடியே ஒளியை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதால் வெட்டுச்சக்கரம் தேவையில்லை. பைரோவின் பலவீனம் அங்கே பலவீனமே அல்ல. அதனால்தான் ஆய்வகங்களில் எஃப்டிஐஆர் கருவிகளின் வழக்கமான உணரி டிஎல்ஏடிஜிஎஸ் என்ற பைரோ படிகமாக இருக்கிறது. 6.25 முதல் 100 மைக்ரான் வரை அளக்கவிருக்கும் ஃபோரம் பைரோவை எடுத்ததும் அதன் கருவி அத்தகைய குறுக்கீட்டுமானி என்பதால்தான். படிகம் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் தன் துருவத்தன்மையை இழந்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் போதும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அதைவிடப் பெரிய எதிரி ஈரம். பொட்டாசியம் புரோமைடு சாளரம் காற்றின் ஈரத்தைக் குடித்து மங்கிவிடும். சிலிக்கா ஜெல்லை மாற்ற மறந்த ஆய்வகத்தில் உணரியைக் குறைசொல்லிப் பயனில்லை. சீசியம் அயோடைடு போட்டால் 50 மைக்ரான் வரை ஒளி போகும், ஆனால் ஈரத் தொல்லை அதற்கும் உண்டு.

குவாண்டம் வகைகளும் புதுவரவுகளும்

லெட் செலினைடு போன்ற குவாண்டம் உணரிகள் குளிர்விக்காமலே வேகமாக வேலை செய்யும். ஆனால் 5 மைக்ரான் அருகே அவற்றின் எல்லை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் கதிர் விழாதபோதும் ஓடும் இருள்மின்னோட்டம் குறியை மூழ்கடிக்கும், குளிர்விப்பான் திரும்பி வந்துவிடும். நம் கேள்விக்கு இவை விடையல்ல.

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் வெளியிட்ட பைரோஎலக்ட்ரிக் படலம் வேறு ரகம். 10 நானோமீட்டர் மட்டுமே தடிமன். வளர்த்த அடித்தளத்திலிருந்து சேதமில்லாமல் உரித்தெடுத்து வேறு சிப்பில் ஒட்டுகிறார்கள். படலம் மெலிந்தால் சூடாக வேண்டிய பொருள் குறையும். அதே கதிருக்கு வெப்பநிலை அதிகம் ஏறும். தொலை அகச்சிவப்பு வரை நல்ல உணர்திறன் காட்டியிருக்கிறார்கள். கொள்கை சரியாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் செய்த சிறு வரிசைக்கும், குறியைப் படிக்கும் மின்சுற்றோடும் உறையோடும் அளவீட்டுச் சான்றோடும் வரும் கேமராவுக்கும் நடுவே நீண்ட வேலை கிடக்கிறது. மைக்ரோபோலோமீட்டருக்கே அது ஆண்டுக்கணக்கில் ஆனது. இன்று கொள்முதல் ஆணை எழுத வேண்டியவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் எதை எடுப்பது

முதலில் கருவி எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் என்றால், வெகு வறண்ட உயர்ந்த இடங்களைத் தவிர, 15 மைக்ரானுக்கு மேல் காற்றின் நீராவியே கதவை அடைத்துவிடுகிறது. அங்கே அகலப்பட்டை என்பது நடைமுறையில் 3 முதல் 14 மைக்ரான்தான். சில மீட்டர் தூரத்துக்கு அப்பால் பார்க்கும் எவருக்கும் அதற்கு மேல் பணம் செலவழிப்பது வீண்.

ஆலை உலைக்கு என்றால் இன்னும் ஒரு படி போய்ச் சொல்வேன்: அகலப்பட்டையே வேண்டாம். சூடான கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் தங்கள் பட்டைகளில் தாமே ஒளிர்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேமரா அளப்பது இரும்பின் வெப்பநிலையா, சுடரின் வெப்பநிலையா என்று தெரியாது. 3.9 மைக்ரான் அருகே சுடருக்கு ஊடாகப் பார்க்கலாம். உலையில் கதிர்வீச்சுக்குப் பஞ்சமில்லை என்பதால் அந்தப் பட்டைக்காக வடிவமைத்த போலோமீட்டர் கேமராவே போதும். பரப்பின் உமிழ்திறனை (கரும்பொருளோடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர் வெளியிடும் என்பதை) நாம் தவறாகக் கணித்திருந்தாலும் குறுகிய அலையில் பிழை குறைவு. கண்ணாடித் தொழிலுக்கு 7.9 மைக்ரான், மீத்தேன் கசிவுக்கு 7 முதல் 8.5 மைக்ரான் என்று குளிர்விக்காத கேமராக்கள் விற்கின்றன. மீத்தேனை 3.3 மைக்ரானில் பார்க்கும் குளிர்விக்கும் கேமரா இன்னும் நுட்பமானதுதான். ஆனால் அதன் குளிர்விப்பான் தேயும் பொருள். பராமரிப்புக்கு ஆளும் பணமும் இல்லாத ஆலை அதை வாங்கினால் சில ஆண்டுகளில் அலமாரியில் வைத்துவிடும்.

படம் வேண்டும், ஆட்கள், கட்டடம், மின்பலகை போன்ற சாதாரண வெப்பநிலைப் பொருள்கள் என்றால் விவாதமே இல்லை, கடையில் கிடைக்கும் மைக்ரோபோலோமீட்டர். நொடிக்கு 9 படத்துக்கு உட்பட்ட கேமராவாக இருந்தால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் காகித வேலையும் பெரும்பாலும் குறையும்.

வானத்துக்கு, அதிலும் குளிர்ந்த பொருளை அளக்க என்றால் என் கட்சி தெர்மோபைல்தான். விண்வெளியில் வெற்றிடம் இலவசமாகக் கிடைக்கிறது, சாளரமே தேவையில்லை. லென்சுக்குப் பதில் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் ஆடிகளை வைத்தால் பட்டை சுருங்காது. எர்த்கேர் குழுவினர் போலோமீட்டரை எடுத்ததற்கு அவர்களிடம் கரும்பொன் பூசத் தெரிந்த கூட்டாளி இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு கூட்டாளி உங்களுக்கும் இருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். மூன்று அலகு, ஆறு அலகு (ஓர் அலகு என்பது 10 செ.மீ. கனசதுரம்) செயற்கைக்கோளைத் தொடங்கும் கல்லூரிக் குழுவுக்கு அது இருக்காது.

எதை எடுத்தாலும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது நிறமாலைத் துலங்கல் வரைபடம், அதாவது எந்த அலைநீளத்துக்கு உணரி எவ்வளவு குறி தரும் என்ற படம்: சாளரத்தோடு சேர்த்து அளந்தது, 2 மைக்ரானில் தொடங்கி உங்களுக்குத் தேவையான எல்லை வரை. அடுத்து உறைக்குள் வெற்றிடமா, வாயுவா. எத்தனை ஆண்டு உத்தரவாதம். பிறகு மறைப்பு விழும் இடைவெளியும், கருவியின் உடல் ஒரு டிகிரி சூடானால் அளவீடு எவ்வளவு நகரும் என்ற எண்ணும். வரைபடம் 14 மைக்ரானிலேயே முடிந்து, அகலப்பட்டை என்ற சொல் மட்டும் அட்டையில் இருந்தால், விலை பேசுவதற்கு முன்பே அடுத்த விற்பனையாளருக்குக் கடிதம் எழுதிவிடலாம்.